வீட்டிற்குள் வரும் காட்டாறு



ஆயிரம் பக்கமுள்ள ஒரு நூலுக்கு ஒரே ஒரு மூலப்பிரதிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனை நகல் எடுக்க நூறு பேர் விரும்புகின்றனர். நூறு பேரும் உடையவரின் வீட்டு வாயிலில் வரிசையாக நின்றால் கடைசியில் நிற்பவரின் முறை வருவதற்குள் மூலமே நைந்துவிடும். அவரோ ஆளுக்குப் பத்துப் பக்கம் வீதம் பகிர்ந்து கொடுத்து, 'மற்றவற்றை உங்களுக்குள் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டால், அன்று மாலைக்குள் நூறு பிரதிகளும் முடிந்துவிடும், உடையவருக்கும் ஓய்வு. இந்த எளிய யுக்தியைத்தான் பிராம் கோஹன் என்னும் அமெரிக்க நிரலாளர் 2001ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'பிட்டாரண்ட்' என்ற பெயரில் கணினிக்கு வகுத்தளித்தார். இன்று 'டாரண்ட்' என்று சுருக்கமாக வழங்குவது இதனையே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொற்களை நின்று பாராமல் கடந்து செல்ல மனம் வருவதில்லை. டாரண்ட் என்பதற்குக் காட்டாறு என்று பொருள். கோப்பு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு பிறருக்கு வழங்குபவரை ஆங்கிலத்தார் 'விதைப்பவர்' என்கின்றனர். அச்சொல்லை ஒலி மாறாமல் தமிழில் எழுதினால் 'சீடர்' என்றாகி, குரு யார் என்று கேட்கத் தூண்டுகிறது. வாங்கிக்கொண்டு கொடாமலே போகிறவருக்கு 'அட்டை' என்பது பெயர். மழைக்காலத்தில் மலைக்காட்டில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டுவதில்லை.

இம்முறையின் சௌகரியத்தை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை. பெரிய கோப்பு ஒன்றை ஒரே வழங்கியிலிருந்து நேரே இறக்கும்போது, முக்கால் பங்கு வந்த நிலையில் மின்சாரம் நின்றால் பல வேளைகளில் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டியதாகிறது. டாரண்டிலோ வந்த துண்டுகள் வந்தவையே. நாளைக் காலையில் கணினியைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். எந்தத் துண்டு கூட்டத்தில் அரிதாக இருக்கிறதோ அதனை முந்திப் பெறும்படி நிரல் அமைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் இடையில் விலகினாலும் அத்துண்டு அழிந்துபோவதில்லை. கொடுப்பவருக்கே கொடுப்பது என்ற வழக்கமும் அதனுள் உண்டு. வேண்டுவோர் பெருகினால் மற்ற முறைகளில் வேகம் குறையும், இதில் கூடும். காட்டாறு என்ற பெயர் பொருத்தமானதுதான்.

ஆயினும் இந்தச் சௌகரியம் எவ்வழியில் வருகிறதோ அதே வழியில்தான் அபாயமும் வருகிறது. நாம் பெறும் துண்டுகளை அப்போதே பிறருக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கிறோம். கொடுக்க வேண்டுமாயின் நம் இணைப்பின் முகவரி அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆகவே அக்கூட்டத்தில் சேர்ந்துள்ள எவரும், யார் யார் இன்ன கோப்பை வாங்கிக் கொடுக்கிறார்கள் என்ற பட்டியலைத் தம் கணினித் திரையிலேயே காணலாம். இதற்கென்று திருட்டுத்தனம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. முறையின் இயல்பே அது. திரைச்சீலை போட்ட அறையில் தனித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சந்தைத் திடலில் உட்கார்ந்திருக்கிறோம்.

இனி, வந்து சேரும் பொருளைப் பற்றி. கோப்பு துண்டாக்கப்படும்போதே ஒவ்வொரு துண்டிற்கும் கணித முறையில் ஒரு முத்திரை எண் கணக்கிடப்படுகிறது. 4 ஜிபி அளவுள்ள கோப்பை 1 எம்பி துண்டுகளாக்கினால் 4096 துண்டுகள், 4096 முத்திரைகள். வந்த துண்டின் முத்திரை பொருந்தாவிடில் நிரல் அதனைத் தள்ளிவிட்டு வேறொருவரிடம் கேட்கும். ஆகவே வழியில் எவரோ ஒரு துண்டைக் கெடுத்து நுழைப்பது எளிதன்று. பழைய முத்திரைக் கணக்கான ஷா-1 என்பதில் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரச் செய்யலாம் என்பதை 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் செய்து காட்டினர். பிட்டாரண்டின் இரண்டாம் பதிப்பு அதனினும் வலிய ஷா-256 என்ற கணக்கை மேற்கொண்டுள்ளது.

இத்தனை காவல் இருக்கும்போது அச்சம் எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். அஞ்சலில் வந்த பொட்டலத்தின் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறது என்பதற்கு, அனுப்பியவர் வைத்தது அப்படியே வந்திருக்கிறது என்பதுதான் பொருள். அனுப்பியவர் எதை வைத்தார் என்பதற்கு அரக்கு சாட்சி சொல்லாது. நச்சுநிரலை ஒருவர் பொதிந்து வைத்தால், அந்த நச்சுநிரலும் ஒரு துகள் குறையாமல், 4096 முத்திரைகளும் பொருந்த, நம் வீட்டிற்கு வந்து சேரும்.

அது வரும் வேடங்கள் பல. திரைப்படத்தின் பெயரைத் தாங்கிய கோப்பின் வால் எம்பி-4 என்று முடிவதுபோல் தோன்றும். அதற்குப் பின்னால் இ-எக்ஸ்-இ என்ற இன்னொரு வால் ஒளிந்திருக்கும். விண்டோஸ் அமைப்பு, நாமாக மாற்றினாலன்றி, தெரிந்த வால்களை மறைத்தே காட்டும் பழக்கமுடையது. படமென்று நினைத்து அழுத்தினால் ஓடுவது படமன்று, நிரல். விலையுள்ள மென்பொருள்களின் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் கோப்புகள் இவற்றினும் கொடியவை. அவை ஓடுவதற்கு நச்சுநிரல் தடுப்பை அணைத்துவிடுமாறு அதனோடு வரும் குறிப்பே கட்டளையிடும். காவற்காரனை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வருகிறேன் என்பவனை எந்த வீட்டில் அனுமதிப்பார்கள்? கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு மீட்புப் பணம் கேட்கும் 'ஸ்டாப்' என்னும் நிரல் 2018 முதல் பெரும்பாலும் இவ்வழியில்தான் வீடுகளுக்குள் புகுந்தது. அந்தக் கணினியில் பிள்ளைகளின் படிப்பும், ஊரிலிருக்கும் பெற்றோரின் புகைப்படங்களும், வங்கிக் கணக்கின் விவரங்களும் ஒன்றாகவே இருக்கின்றன.

டாரண்டை இறக்கும் கருவியே கெட்டுப்போனதும் உண்டு. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஆப்பிள் கணினிகளில் பலர் நம்பிப் பயன்படுத்திய 'டிரான்ஸ்மிஷன்' என்னும் நல்ல மென்பொருளின் 2.90 பதிப்பில், அதன் சொந்தத் தளத்திலேயே, எவரோ 'கீரேஞ்சர்' என்ற பூட்டு நிரலைக் கலந்துவிட்டனர். நிறுவியவுடன் அது ஒன்றும் செய்யாது. மூன்று நாள் பொறுத்திருந்து கோப்புகளைப் பூட்டி, ஒரு பிட்காயின் கேட்கும். அப்போது அதன் மதிப்பு ஏறத்தாழ 400 டாலர். சில நாட்களுக்குள் கண்டுபிடித்து அகற்றினர். நல்ல இடம் என்பதும் எந்நாளும் நல்ல இடமாகவே இருக்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை. முக்கியமான கோப்புகளுக்கு மற்றொரு நகல், கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த வட்டில் இருந்தாக வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். டாரண்ட் என்னும் முறை நம் நாட்டில் குற்றமன்று. உரிமையுள்ள படைப்பை அனுமதியின்றிப் பரப்புவதே குற்றம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி, தெரிந்தே செய்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வியாபார இலாபத்திற்காகச் செய்யப்படாதவிடத்து, காரணங்களைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு இடமிருக்கிறது. ஆனால் இப்பிரிவின் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணை கோருவதை உரிமையாகக் கொள்ள இயலாதது என்று 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்த் திரைப்படம் '3' தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2012இல் பிறப்பித்த ஆணை நேயர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். அதனைக் காட்டி இணைய நிறுவனங்கள் தளங்களை முழுதாகவே அடைத்துவிட, நியாயமான வேலைக்கு வந்தவர்களும் வாயிலில் நின்றனர். பின்னர் ஜூன் மாதத்தில், குற்றமுள்ள பக்கங்களை மட்டுமே அடைக்க வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. 2016இல் அடைக்கப்பட்ட பக்கங்களில், பார்ப்பதே குற்றம் என்று பயமுறுத்தும் அறிவிப்பு ஒன்று தோன்றியபோது, குற்றம் பார்ப்பதில் இல்லை, உரிமையின்றிப் பிறருக்கு வழங்குவதிலும் பொதுவில் காட்டுவதிலும் இருக்கிறது என்னும் கருத்துப்பட பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது. இதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் ஒன்றை மறந்தனர். டாரண்டில் பார்ப்பவர், பார்ப்பவர் மட்டுமல்லர். படம் இறங்கிக்கொண்டிருக்கும் அந்நேரமே அதன் துண்டுகளை அவர் ஊர்ஊராக வழங்கிக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டில் இதுவரை வழக்குகள் பெரும்பாலும் தளங்களின் மேலும், படத்தை வெளியே விடுபவர்களின் மேலும் தொடரப்பட்டவை. வீட்டுக்காரரைத் தேடிவந்தவை குறைவு. இதனைப் பெரிதாக்கிப் பயமுறுத்த நாம் விரும்பவில்லை. எனினும் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் நினைக்க வேண்டியது ஒன்றுண்டு. தில்லியிலோ புனேயிலோ வாடகை மாடியில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து வாழ்கின்றனர். இணைய இணைப்போ கீழ்த்தளத்து வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது; மாதந்தோறும் பணம் மட்டும் கொடுக்கின்றனர். மேலே ஒருவர் செய்வதற்குக் கீழே இருப்பவரின் முகவரிதான் பட்டியலில் ஏறுகிறது. நாளை ஓர் அறிவிப்பு வருமாயின் அவர் கதவுக்கே வரும். மொழி அறியாத ஊரில் நமக்கு வீடு கொடுத்தவர் அவர். விசாரிக்க வருபவரிடம் நம் பக்கத்து நியாயத்தை எந்த மொழியில், எவ்வளவு தெளிவாகச் சொல்லப்போகிறோம்? அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் இவ்வேலையைச் செய்பவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

முகவரியை மறைக்க விபிஎன் இருக்கிறதே என்பார்கள். கூட்டத்திலுள்ள மற்றவர் கண்ணுக்கு அது முகவரியை மறைக்கும் என்பது மெய். ஆனால் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் இச்சேவையாளர்களுக்கு ஆணையிட்டது. அதனை ஏற்க விரும்பாத சிலர் தம் வழங்கிகளையே இந்தியாவிலிருந்து அகற்றினர். எது எப்படியாயினும், கோப்பில் இருக்கும் நஞ்சு விபிஎன் வழியே வந்தாலும் நஞ்சுதான்.

ஊர் விட்டு வந்தவர்களுக்கு இந்த ஆசை ஏன் எழுகிறது என்பதை நாம் அறியாதவர்களல்லோம். போபாலிலோ குவாஹாத்தியிலோ புதுத் தமிழ்ப் படம் எல்லா வேளையும் திரையரங்கிற்கு வருவதில்லை. வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காட்சி. வீட்டில் பாட்டிக்கு வேறு மொழிப் படம் பிடிபடாது. முன்பு இதற்கு மாற்று இல்லை என்று சொல்லத்தக்க நிலை இருந்தது. இன்று சில வாரம் பொறுத்தால் பெரும்பாலான படங்கள் கட்டணத் தளங்களுக்கு வந்துவிடுகின்றன. மூன்று குடும்பம் கூடிச் சாப்பிடும் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவில் ஒரு மாதச் சந்தா அடங்கும். பழைய படங்கள் பல இன்னும் எங்கும் கிடைப்பதில்லை என்பது உண்மையே. அக்குறைக்கு உரிமையாளர்களே பொறுப்பு என்று நாம் கருதுகிறோம். அதற்காக நம் வீட்டுக் கணினியைப் பணயம் வைப்பதற்கில்லை.

டாரண்டைத் துணிந்து பயன்படுத்தத்தக்க இடங்கள் எவை என்றால், கொடுப்பவர் யார் என்பது வெளிப்படையாகத் தெரியும் இடங்களே. டெபியன், உபுண்டு முதலிய இலவச இயங்குதளங்களை வெளியிடுவோர் தம் சொந்தத் தளத்திலேயே டாரண்ட் கோப்பை வைத்திருக்கின்றனர். அங்கிருந்து எடுத்தால், முன்சொன்ன முத்திரைகள் அனைத்தும் அவர்களே வைத்தவை ஆகின்றன. லிப்ரேஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளும் அவ்வாறே. இணைய ஆவணகம் 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தன் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் டாரண்டாக வழங்குகிறது. அதில் தமிழ் நூல்களும் ஏராளம். ஆயினும் அங்கே யாரும் எதையும் ஏற்றலாம் என்பதால், எடுக்கும் பொருளின் உரிமை நிலையைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

கருவிக்குத் திறந்த மூலமுள்ள 'க்யூபிட்டாரண்ட்' போன்ற ஒன்றை அதன் சொந்தத் தளத்திலிருந்து பெறுவது நலம். நிறுவியவுடன் மேலேற்ற வேகத்திற்கு ஒரு வரம்பு வையுங்கள். இல்லையேல், அடுத்த அறையில் பிள்ளையின் இணைய வகுப்பும், ஊரிலிருக்கும் தாயாருடன் பேசும் காணொளி அழைப்பும் தடுமாறும். சில திட்டங்களில் மேலேற்றமும் மாத அளவில் சேரும் என்பதையும் கவனிக்க வேண்டும். வேலை முடிந்தபின் நிரல் திரையின் மூலையில் ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கும்; முற்றிலும் மூட அறிந்துகொள்ளுங்கள்.

தொடங்கிப் பார்க்க விரும்புவோர் கிவிக்ஸ் என்னும் இலவசத் திட்டத்தின் தளத்திற்குச் செல்லலாம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி, டாரண்ட் வழியிலும் தருகின்றனர். இரவு படுக்கப் போகுமுன் தொடங்கிவிட்டால் போதும். பிறகு இணையம் இல்லாத ரயில் பயணத்திலும் பிள்ளைகள் அதனைத் தமிழில் படித்துக்கொண்டு வரலாம்.