எந்தத் தொழிலில் எத்தனை நோய்?

(முன்னாள் மாணவர் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை அழைத்தபோது, "சர்க்கரை, கொழுப்பு, வாக்கிங் இதைப் பத்திப் பேசுங்க டாக்டர், எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார். அதைப் பேச ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. நான் பார்த்தது ஆலை மருத்துவர் வேலை. ஆகவே வேலையால் வரும் நோயைப் பற்றி, அதிலும் எந்தத் தொழிலில் நோய் அதிகம் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "கொஞ்சம் வறட்சியா இருக்குமே" என்றார். இருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு என்றதும் நம் விடுதி ஞாபகம் வருகிறது. 1969இல் நான் இங்கே பி.யு.சி. சேர்ந்தபோது விடுதியில் இரண்டு மெஸ். ஒரு மாதம் சைவ மெஸ்ஸைப் பற்றி நோட்டு நிறையப் புகார். அசைவ மெஸ்ஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வார்டன் அசைவ மெஸ் சமையற்காரருக்குக் கூட்டத்தில் பாராட்டே தெரிவித்துவிட்டார். என் அறைத்தோழர் பி.எஸ்ஸி. புள்ளியியல். அவர் சும்மா இருக்கவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சைவ மெஸ்ஸின் புகார் நோட்டு கை கழுவும் இடத்தில் பென்சிலோடு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அசைவ மெஸ்ஸின் நோட்டு வார்டன் அறையில், மேசை டிராயருக்குள் இருந்தது. "சாம்பார்ல ஒண்ணுமில்லடா, நோட்டு எங்க இருக்குங்கறதுலதான் விஷயம்" என்றார். அன்று சிரித்தோம். அந்த வாக்கியம் எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

வேலையால் வரும் நோயின் விகிதம் என்பது எளிய பின்னம். தொகுதியில் நோயாளிகள், பகுதியில் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். நாலாம் வகுப்புக் கணக்கு. ஆனால் தொகுதியில் யாரைச் சேர்ப்பது, அதை யாரைக் கேட்டு எழுதுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை முதலாளிகள் வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள். 2019இல் தனியார் துறையில் வேலை சார்ந்த நோய் என்று பதிவானவை 1,27,200. அடுத்த ஆண்டு, 2020இல், அது 5,44,600 ஆயிற்று. ஒரே வருஷத்தில் நான்கு மடங்குக்கு மேல். கொரோனாதான் காரணம். நோய் பெரிது என்பது உண்மை. அதோடு, அது வேலையிடத்தில் வந்ததென்றால் பதிவு செய்தாக வேண்டும் என்ற உத்தரவும் இருந்தது.

பிரிட்டனில் வேறு வழி. அங்கே வீட்டுக்கு வீடு நடத்தும் கணக்கெடுப்பில் தொழிலாளியையே கேட்கிறார்கள், 'உங்கள் வேலையால் உங்களுக்கு ஏதாவது நோய் வந்ததா?' என்று. 2022-23 கணக்கில் சுமார் 18 லட்சம் பேர் 'ஆம்' என்றார்கள். அதில் ஏறக்குறையப் பாதி மன அழுத்தம், மனச்சோர்வு, பதற்றம். சராசரியை விட அதிக விகிதம் இருந்த துறைகளில் மருத்துவமும் கல்வியும் அரசு நிர்வாகமும் நின்றன. முன்வரிசையில் ஆசிரியர்கள் தலையாட்டுவதைப் பார்க்கிறேன். முதலாளியின் நோட்டில் ஆசிரியரின் தூக்கமின்மை ஒருநாளும் ஏறாது. அவரையே கேட்டால் ஏறுகிறது.

நிற்க. இனி என் கதைக்கு வருகிறேன். கதை என்பதைவிட வாக்குமூலம் என்றாலும் சரிதான்.

1988இல் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மருத்துவராகச் சேர்ந்தேன். பஞ்சு ஆலைக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும், பேல் உடைத்துப் பஞ்சை அடிக்கும் புளோ ரூமும் அதை அடுத்த கார்டிங்கும்தான் தூசுக்குப் பிறப்பிடம். புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாகப் படிந்து, இருபது வயசுப் பையன் ஷிப்டு முடிந்து கிழவனாக வெளியே வருவான். இந்தத் தூசில் பஞ்சு மட்டும் இல்லை. செடியின் இலைத் துணுக்கு, காய்த்தோல், அவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சு எல்லாம் உண்டு. பல வருஷம் சுவாசித்தவர்களுக்கு வரும் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். அதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் இருக்கிறது. ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். வாரம் போகப் போகத் தணியும். நோய் முற்றினால் மற்ற நாட்களுக்கும் பரவும், கடைசியில் வேலையை விட்டாலும் போகாது. ஷில்லிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1950களில் இதைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். அதை நான் மருத்துவக் கல்லூரித் தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

கார்டிங்கில் ஒருவர் இருந்தார். என்னை விடப் பத்து வயது மூத்தவர். மாதம் ஒரு தடவை, இரண்டு தடவை வருவார். "திங்கக்கெழமையானா நெஞ்சு மேல ஆரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குதுங்க டாக்டருங்க. வெசாளன் வெள்ளி வந்தா தேவலைங்க." நான் சொன்னது என்ன தெரியுமா? "ஞாயித்துக்கிழமை பூரா பீடி ஊதினா அப்படித்தான் இருக்கும்." ஒரு டெரிபிலின் ஊசி, நாலு மாத்திரை, சீட்டில் 'ஆஸ்துமா'. அவர் கிழமை சொல்லியே நோயைச் சொல்லிவிட்டார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியல் மூன்றாம் அட்டவணையாக இருந்தது. ஈயம், பாதரசம், சிலிகோசிஸ், பிசினோசிஸ் என்று நீளும். 2020இல் இயற்றிய சட்டத் தொகுப்பிலும் அப்படியொரு அட்டவணை உண்டு. பழைய சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, சிகிச்சை தரும் மருத்துவருக்கு இப்படிச் சந்தேகம் வந்தால் உடனே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆண்டுக்கு ஒருமுறை ஆலைக் கணக்கை அனுப்பும்போது, அந்த நோய்களுக்கு நேரே நான் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷம் இல்லை, தொடர்ந்து எழுதினேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. மேனேஜர் நல்ல மனிதர். "போன வருஷம் என்ன எழுதியிருக்கோ அதையே எழுதிடுங்க டாக்டர்" என்பார், அவ்வளவுதான். எனக்கு முன்பிருந்தவரும் 'இல்லை' என்றே எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த மற்ற ஆலை மருத்துவர்களும் அப்படியே. இத்தனை 'இல்லை'களுக்கு நடுவே நான் ஒருவன் 'மூன்று பேர்' என்று எழுதினால், பஞ்சுத் தூசு நோய் எங்கள் ஆலையில் மட்டும் இருப்பதாக ஆகிவிடும். உண்மை சொன்ன ஆலைதான் மோசமான ஆலை என்று பெயர் வாங்கும். அந்தப் பெயரை நான் வாங்கித் தர விரும்பவில்லை.

அவர் 1992இல் கணக்கு முடித்துக்கொண்டு தாராபுரம் பக்கம் சொந்த ஊருக்குப் போனார். நாலு ஆடு, ஒன்றரை ஏக்கர் மேட்டாங்காடு. 1996இல் அவருடைய மகன் என்னைத் தேடி வந்தான். அப்பா மூச்சுத் திணறியே இறந்துவிட்டார், வேலையால் வந்த நோய் என்று நிரூபித்தால் ஈ.எஸ்.ஐ.யில் குடும்பத்துக்குப் பணம் உண்டாமே, ஏதாவது ஆதாரம் இருக்குமா என்று கேட்டான். அம்மா ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்த மருத்துவச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தான். எட்டுச் சீட்டு. எட்டிலும் 'ஆஸ்துமா'. எல்லாம் என் கையெழுத்து. இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று இருந்தது.

நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அது எடுபடவில்லை. எட்டுச் சீட்டுக்கு எதிரே பின்னால் எழுதிய ஒரு கடிதம் எப்படி நிற்கும்?

இதில் பின்னம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். கார்டிங்கில் அவர் இருந்தவரை நோயாளியாக எண்ணப்படவில்லை. நோய் முற்றி வெளியேறியதும் அங்கே எண்ணுவதற்கு அவர் இல்லை. அந்த இடத்துக்குத் திடகாத்திரமான புதுப் பையன் வந்தான். எந்த நாளில் போய்ச் சோதித்தாலும் ஆலையில் தாங்கக் கூடியவர்கள்தான் அகப்படுவார்கள். தாங்காதவர்கள் ஊரில் ஆடு மேய்ப்பார்கள், இறந்தால் விவசாயத்தின் கணக்கில் ஏறுவார்கள். ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்று இதற்குப் புத்தகங்களில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் 1941இலேயே பிசினோசிசுக்கு நஷ்டஈடு வழங்கத் தொடங்கியது. அதே காலத்தில் அமெரிக்காவில் இந்த நோய் கிடையாது என்று நம்பினார்கள். அதே பஞ்சு, அதே எந்திரம், ஆனால் இங்கிலாந்துக்காரன் நுரையீரலுக்கு மட்டும் வரும் நோயாம்! 1960களில் பௌஹைஸ் என்ற ஆய்வாளர் அட்லாண்டா நகரின் மத்தியச் சிறைக்குள் இருந்த பஞ்சாலையில் கைதிகளைச் சோதித்து, இங்கேயும் இருக்கிறது என்று காட்டினார். அதன் பிறகும் பத்தாண்டுக்கு மேல் இழுத்து, 1978இல்தான் நூற்புப் பகுதியில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசு கூடாது என்று விதி வந்தது. ஆலை அதிபர்கள் வழக்குப் போட்டார்கள். 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதியை உறுதி செய்தது.

நம் உச்ச நீதிமன்றமும் 1995 ஜனவரியில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் ஒரு நல்ல காரியம் செய்தது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. மகனின் மஞ்சள் பையைப் பார்த்த எனக்கு அந்தத் தீர்ப்பின் அருமை நன்றாகவே தெரியும். ஆனால் பதிவேட்டில் 'ஆஸ்துமா' என்று எழுதி நாற்பது வருஷம் பாதுகாத்து என்ன பயன்?

ஆலைக்கு ஒரு மதில் சுவரும் ஒரு மருத்துவரும் ஒரு படிவமுமாவது இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் கல் உடைப்பவருக்கும் அதுவும் இல்லை. நம் நாட்டு உழைப்பாளிகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டவர்கள்தான். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் பக்கம் சிலேட்டுக் குச்சி அறுக்கும் தொழிலாளர்களை அகமதாபாத் தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தார் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு சிலிகோசிஸ் இருந்தது. கல்தூசு நுரையீரலைக் கல்லாக்கும் நோய். பெரும்பாலும் டி.பி. என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ராஜஸ்தான் 2019இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்து, நோயாளி தானே பதிவு செய்துகொள்ள வழி செய்து, உதவித் தொகையும் தந்தது. ஆயிரக்கணக்கில் பெயர்கள் ஏறின. மற்ற மாநிலங்களின் பட்டியல் சின்னதாக இருப்பதால் அங்கெல்லாம் கல்லில் தூசு பறக்கவில்லை என்று சொல்ல முடியுமா? நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள், அவ்வளவுதான்.

என் மிச்சக் கதை சின்னது. அடுத்து நான் போன ஆலையில், மூச்சு என்று வந்த ஒவ்வொருவரிடமும் "எந்தக் கிழமை?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தேன். அந்த ஆண்டு அறிக்கையில் 'இல்லை' போகவில்லை. பயந்தது போலவே எங்கள் ஆலைதான் சுற்று வட்டாரத்தில் மோசமான ஆலையாகக் காகிதத்தில் தெரிந்தது. ஆய்வாளர் வந்தார். நிர்வாகம் இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கார்டிங்கில் தூசு உறிஞ்சும் அமைப்பைப் பழுது பார்த்தார்கள்.

காலையில் பதிவு மேசையருகே ஒரு தம்பி, மென்பொருள் நிறுவனம், "எங்க ஆபீஸ்ல அந்த மாதிரி ஒண்ணும் இல்ல சார், ஏசி" என்றார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னார்.

ரமாசினி என்று ஓர் இத்தாலிய மருத்துவர். 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். நாளைக் காலை நம் சங்கம் நடத்தும் இலவச மருத்துவ முகாமின் படிவத்தைப் பார்த்தேன். பெயர், வயது, எந்த ஆண்டு மாணவர், ரத்த வகை எல்லாம் இருக்கிறது. தொழில் இல்லை. செயலாளரிடம் சொன்னேன். "அச்சாகிடுச்சே டாக்டர், ஐந்நூறு பிரதி" என்றார். பின்பக்கம் காலியாக இருக்கிறது. நாளைக்கு முகாமுக்கு வருபவர்கள் தயவுசெய்து அதில் இரண்டு வரி எழுதுங்கள். இப்போது என்ன வேலை, அதற்கு முன்னால் என்னென்ன வேலை என்று. ஓய்வு பெற்றவர்களும் எழுத வேண்டும். பேனா நான் கொண்டு வருகிறேன்.