பயத்தை விற்கும் வியாபாரம்



யுத்தம் ஏன் மூளுகிறது என்று வினவினால் மண்ணாசை, இனப்பகை, அரசர்களின் அகங்காரம் என்று பாடசாலைச் சரித்திரப் புத்தகம் விடை தரும். அவை யாவும் உண்மையே. ஆனால் அப்புத்தகத்தில் கணக்குப்பிள்ளைக்கு இடமில்லை. துவக்கைச் செய்தவன் யார், என்ன விலைக்கு விற்றான், இலாபத்தில் பங்குக்காரருக்கு எவ்வளவு போயிற்று என்பவற்றை நாம் பரீட்சைக்குப் படித்ததில்லை. இன்று அந்தக் கணக்கேட்டைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

பசில் ஸகரோவ் என்றொருவர் இருந்தார். 1849ஆம் ஆண்டு துருக்கிய சாம்ராச்சியத்தில் கிரேக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நோர்டன்பெல்ட் என்னும் சுவீடன் தேசத்தவரின் ஆயுதக் கம்பனிக்கு முகவரானார். அக்கம்பனி நீராவியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலொன்றைச் செய்திருந்தது. 1886இல் கிரேக்கம் அதனை வாங்கிற்று. கிரேக்கத்திடம் ஒன்று இருக்கிறதென்றால் துருக்கிக்குத் தூக்கம் வருமா? துருக்கி இரண்டு வாங்கிற்று. துருக்கியிடம் இரண்டு இருப்பதைக் கண்டு ரூஷ்யாவுக்கும் ஒன்று வேண்டியதாயிற்று. அங்கே புறப்பட்ட கப்பல் 1888இல் டென்மார்க்குக் கரையிலே தரைதட்டிப் போக, ரூஷ்யா பணம் கொடுக்க மறுத்துவிட்டது. வேடிக்கை என்னவெனில் அக்கப்பல்கள் நீருக்குள் நிலைகொள்ளாமற் தள்ளாடின. ஒன்றேனும் போரிற் பயன்படவில்லை. ஆனால் விற்பனை நடந்தது. பிற்காலத்தில் விக்கர்ஸ் என்னும் பிரித்தானியக் கம்பனிக்கு முகவராகிய அவருக்கு, முதல் மகாயுத்தத்தின் பின் பிரித்தானிய அரசு உயர்ந்த பட்டங்களை வழங்கியது. 1936இல் மொண்டி கார்லோவிற் பெருஞ் செல்வராய்க் கண்மூடினார்.

புகையிலை வியாபாரி ஓரூருக்குப் புகையிலை விற்றால் அடுத்த ஊருக்கு அதனாற் புகையிலை தேவைப்படுவதில்லை. ஆயுதம் ஒன்றுதான், ஒருவனுக்கு விற்றதும் அவன் அயலவனை வாடிக்கைக்காரனாக்கிவிடும் சரக்கு. அங்கே வாங்குபவன் மனிதனல்லன், அவன் பயம். பயம் தானாக வளராத காலத்தில் அதற்கு நீர் ஊற்றவும் ஆளுண்டு. 1907இல் ஜேர்மன் ஆயுதக் கம்பனியொன்று பாரிஸிலிருந்த தன் முகவருக்கு ஒரு கடிதம் எழுதியது. பிரெஞ்சுச் சேனை இயந்திரத் துவக்குகளைப் பெருந்தொகையாக வாங்கப் போகிறது என்றொரு செய்தியைப் 'பிகாரோ' பத்திரிகையில் வெளிவரச் செய்யும்படி அதிற் கேட்டிருந்தது. அச்செய்தியைக் காட்டி ஜேர்மன் அரசுக்கு விற்பதே நோக்கம். இக்கடிதத்தை 1913இல் கார்ல் லீப்னெக்ட் பாராளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். இங்கிலாந்தும் சளைத்ததன்று. கொவென்ட்ரி நகரத்து ஆயுத ஆலையின் அதிபர் முல்லினர், ஜேர்மனி இரகசியமாகப் போர்க்கப்பல் கட்டுகிறதென்று 1906 முதல் அரசாங்கத்தின் காதில் ஓதி வந்தார். 1909இல் நாடெங்கும் பீதி பரவி, எட்டுக் கப்பல் வேண்டும் என்று ஜனங்கள் கூச்சலிட்டனர். கடற்படையார் கேட்டது ஆறு. சிக்கனக்காரர் சொன்னது நான்கு. இறுதியிற் சமரசமாகக் கட்டியது எட்டு!

இனி, இவற்றினும் எம்மைத் திகைக்க வைத்த ஒரு கணக்கு. பீரங்கிக் குண்டு எப்போது வெடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் சிறு பொறியொன்று அதன் மூக்கிலே பொருத்தப்பட்டிருக்கும். ஜேர்மனியின் குருப் கம்பனி கண்ட அப்பொறியைச் செய்ய விக்கர்ஸ் 1902இல் அனுமதி பெற்றது; பொறியொன்றுக்கு ஒரு சிலிங் மூன்று பென்ஸ் கொடுப்பதாக உடன்படிக்கை. யுத்தம் வந்தது. அப்பொறி பூட்டிய குண்டுகள் ஜேர்மன் வீரர்மேல் மழையெனப் பொழிந்தன. யுத்தம் முடிந்ததும் குருப் வழக்குக்குப் போயிற்று. எதற்கு? தன் தேசத்துப் பிள்ளைகளைக் கொன்ற பொறிகளுக்குரிய கூலி வரவில்லை என்று! 1926இல் 40,000 பவுணுக்கு வழக்குத் தீர்ந்தது. எமது ஊர் வேலிச் சண்டையில் இரு பகுதியாரிடமும் காசு வாங்கும் அப்புக்காத்தரை ஊரார் சும்மா விடமாட்டார்கள். இவர்களோ ஒருவரோடொருவர் நாகரிகமாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டனர்.

இலாபக்காரர் மட்டுமே யுத்தத்தை உண்டாக்கினர் என்று நாம் வாதிக்க வரவில்லை. அமெரிக்காவிலே 1934 முதல் 1936 வரை செனட்டர் நை தலைமையில் நடந்த விசாரணைக்குழு கொள்ளை இலாபத்தையும் இலஞ்சத்தையும் வெளிப்படுத்தியதேயன்றி, அந்நாட்டை யுத்தத்தில் இழுத்து விட்டவர் இவர்களே என்று நிரூபிக்க முடியவில்லை. தீ வைத்தவன் வேறொருவனாயிருக்கலாம். எண்ணெய்க் கடைக்காரன் அன்று கடையைப் பூட்டவில்லை என்பதே எமது முறைப்பாடு.

எமது தீவின் கதை மட்டும் வேறா? 2009இல் முடிந்த யுத்தத்திற் பறந்த போர்விமானம் ஒன்றுகூட இங்கே செய்யப்பட்டதன்று. வடக்கிலே எமது பெற்றோர் சத்தத்தைக் கேட்டே பங்கருக்குள் ஓடிய 'கிபிர்' இஸ்ரேலிற் செய்தது. 2006இல் உக்ரைனிலிருந்து மிக்-27 விமானங்கள் வாங்கிய பணம் யார் கைக்குப் போயிற்று என்ற கேள்வி யுத்தம் முடிந்து பல்லாண்டுகளின் பின்னும் விசாரணையில் இருந்தது. மறுதரப்பாரின் ஆயுதங்களும் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவையே. இறந்தவர் இரு பக்கத்தும் இங்குள்ளவர். இலாபம் அடைந்தவரிற் பலர் எந்தப் பக்கத்தையும் சேர்ந்தவரல்லர்.

அவர்கள் கொடியவர், நாம் நல்லவர் என்று எண்ணி வீட்டுக்குப் போவதும் இலகுவன்று. 1914 மார்ச்சில் பிலிப் ஸ்னோடன் பிரித்தானியப் பாராளுமன்றத்திலே ஆயுதக் கம்பனிகளின் பங்குக்காரர் பெயர்களை வாசித்தார். பாராளுமன்ற அங்கத்தவர் இருந்தனர். மலைப்பிரசங்கத்தைப் போதிக்கும் பிஷப்மாரும் இருந்தனர். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு இதை வாசித்தபோது முதலிற் சிரிப்பு வந்தது. எமது கோயில் தருமகர்த்தாக்களுக்கு அப்பங்குகள் மலிவாய்க் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

இக்காலத்திற் பங்குக்காரரிடையே ஓய்வூதிய நிதிகளும் வங்கிகளும் உண்டு. ஸ்டொக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2023இல் உலகின் முதல் நூறு ஆயுதக் கம்பனிகள் ஆயுதத்தாற் பெற்ற வருமானம் 63,200 கோடி டொலர். அங்கே வரைபடம் வரைபவரும் கணனி நிரல் எழுதுபவரும் எம்மைப் போற் பட்டம் பெற்றவர்களே. இச்சபையிலுள்ள பொறியியல், விஞ்ஞான மாணவரிற் சிலர் நாளை வெளிநாட்டில் வேலைக்கு விண்ணப்பிப்பீர்கள். சம்பளத்தை விசாரிக்கும்போது கம்பனியின் பெயர் அந்த நூற்றில் உள்ளதா என்பதையும் விசாரியுங்கள். பட்டியல் ஆண்டுதோறும் டிசெம்பரில் வெளிவருகிறது. வாசிக்கக் காசு தேவையில்லை.