திங்கட்கிழமை வாசல்



பாஸ் இல்லாமல் துறைமுக வாசலைத் தாண்ட முடியாது என்பது புளியந்தோப்பில் வாழும் நமக்குத் தெரியும். பணக்காரர் ஆட்டம் என்று நாம் நினைக்கும் கோல்ஃபிலும் அப்படித்தான். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் போட்டிகளில் நிரந்தரமாக ஆட 'கார்டு' வேண்டும். 2010-இல் இருந்த விதிப்படி, ஆண்டு முடிவில் பரிசுப்பண வரிசையில் முதல் 125 பேருக்குள் வந்தால் அடுத்த ஆண்டும் கார்டு நிலைக்கும். ஒரு போட்டியை வென்றவருக்கு மேலும் இரண்டு ஆண்டு உறுதி. காயமடைந்தவருக்குச் சில போட்டிகள் தவணை கிடைக்கும். அதற்குள் குறித்த தொகையை ஈட்டியாக வேண்டும்.

மேற்கு வங்கத்தின் அசன்சோலில் பிறந்த அர்ஜுன் அத்வால், தோள்பட்டைக் காயத்தால் அப்படித் தவணை பெற்றவர். 2010 ஜூலையில் தவணை முடிந்தது, கார்டும் போயிற்று. ஆகஸ்டில் விண்டம் சாம்பியன்ஷிப் வந்தது. அதில் மிஞ்சியிருந்த ஒருசில இடங்களுக்குத் திங்கட்கிழமை தகுதிச் சுற்று. போய் ஆடினார், தேறினார். அந்த ஞாயிறன்று கோப்பையை வென்றார். பி.ஜி.ஏ. டூரில் வென்ற முதல் இந்தியர் அவரே. திங்கட்கிழமைச் சுற்றில் தேறி வந்த ஒருவர் வென்றது, 24 ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையிலும், மாலை ஐந்து மணிவரை வேலைக்காகச் சந்தைவெளியில் நின்றவர்கள் உண்டு. கடைசி வேளையில் அவர்களுக்கும் அழைப்பு வந்தது.

அன்பர்களே, பாஸ் புதுப்பிக்கப்படாமல் வீட்டில் முடங்கியிருப்பவர் நம் தெருவிலும் இருக்கிறார். "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடாமல், அடுத்த வாசல்வரை அவரோடு நடப்போம். அதற்கான மனதை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.