வானொலிக் கம்பம் நடுமுன்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபொழுது, அமெச்சூர் வானொலி நிலையம் நடத்தப் போர்ட் பிளேயருக்கு வந்திருந்த ஒரு சிறு குழுவினர், தம் கருவிகளைக் கொண்டே தீவுகளின் செய்தியை வெளியுலகிற்கு அனுப்பினர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபொழுது, மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிகள் ஊமையாகி, ஊர்கள் தனித்து நின்றதையும் நாம் மறக்கவில்லை. ஆகவே, நம் ஊரிலும் இத்தகைய நிலையம் ஒன்று வேண்டும் என்று பஞ்சாயத்துகள் விரும்புவது நியாயமே. மத்திய அரசின் உரிமம் பெற்றவரே இதனை இயக்கலாம். ஆயினும், உயிர் காக்க வரும் கருவி, அதை அமைக்கும் நாளிலேயே ஓர் உயிரைக் கொண்டுபோகலாகாது. அதைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

பெட்டியைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் நாம் முதலில் அஞ்ச வேண்டியது வெளியே நடும் கம்பத்திற்கே. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வேண்டிய எளிய ஏரியல், சுமார் 20 மீட்டர் நீளமுள்ள கம்பியாகும். அதை உயரத்தில் கட்ட இரும்புக் குழாயையோ மூங்கிலையோ நிமிர்த்துகிறோம். அது கைநழுவிச் சாய்ந்து மின்கம்பியில் பட்டால், பிடித்திருப்பவர் அனைவருக்கும் ஆபத்து. ஈரமான மூங்கிலும் நனைந்த கயிறும்கூட 11,000 வோல்ட் மின்சாரத்திற்கு வழிவிடும். தேரோட்டத்தன்று மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் நாம், இதிலும் அதே விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

கம்பம் 30 அடியானால், மின்கம்பியிலிருந்து குறைந்தது 45 அடி தள்ளி நடுக. ஏரியல் கம்பி மின்கம்பிக்கு மேலும் போகலாகாது, கீழும் போகலாகாது. காற்று வீசும்பொழுதும் மழைக்காலத்திலும் கம்பம் ஏற்ற வேண்டாம். ஒருவேளை கம்பம் மின்கம்பியில் பட்டுவிட்டால், அகப்பட்டவரைத் தொட்டு இழுக்க ஓடாதீர்கள். தூர விலகி நின்று, மின்வாரியத்திற்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். உயர் அழுத்த மின்சாரத்திற்கு உலர்ந்த கழியும் காப்பு அன்று.

அடுத்தது இடி. வானம் கறுக்கத் தொடங்கியதுமே ஏரியல் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, வீட்டிற்கு வெளியே விட்டுவிடுக. இடியோசை கேட்ட பின்பு கழற்றச் செல்வது தவறு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை கருவியருகே போக வேண்டாம். எர்த் கம்பி அவசியமே. ஆனால் எர்த் இருக்கிறது என்னும் தைரியத்தில் இடியின்போது பேசலாகாது.

செய்தி அனுப்பும்பொழுது ஏரியலைத் தொட்டால் தோல் வெந்துபோகும். ஆகவே பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத உயரத்தில் அதைக் கட்டுக. 12 வோல்ட் பாட்டரியை அற்பமென்று எண்ண வேண்டாம். அதன் இரு முனைகளையும் ஒரு ஸ்பானர் இணைத்துவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பாட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைத்து, காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் செய்க. சார்ஜ் ஆகும்பொழுது எழும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

புயலுக்குப் பின் ஜெனரேட்டர் வைப்போர்க்கு ஒரு வார்த்தை. அதை வீட்டு ஒயரிங்கில் நேரே செருகினால், மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து டிரான்ஸ்பார்மர் வழியே உயர் அழுத்தமாகிவிடும். கம்பியைச் சீர்செய்யும் மின் ஊழியரை அது கொல்லக்கூடும். ஆதலால் வானொலிக் கருவியைத் தனி ஒயர் மூலமே ஜெனரேட்டருடன் இணைக்க வேண்டும். ஜெனரேட்டரை அறைக்குள் ஓட்டலாகாது. அதன் புகை நஞ்சாகும்.

பஞ்சாயத்து அன்பர்களே, உங்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. குழி தோண்டுமுன் மின்வாரிய ஊழியர் ஒருவரை அழைத்து வந்து இடத்தைக் காட்டுங்கள். அவர் சரியென்ற பின்பே கம்பம் எழட்டும். அவ்வாறு எழும் கம்பமே இடுக்கண் வருங்கால் ஊருக்குத் துணை நிற்கும்.