இலங்கை மலைநாட்டில் இருபது நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலந்தள்ளும் எங்களைப் போன்றோரை இம்மேடையில் ஏற்றியது செயலாளர் அவர்களின் பெருந்தன்மை. "வெளிநாட்டில் கால்நடையாகச் சுற்றி வந்தீர்களே, அதைப்பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார். கணவனும் மனைவியுமாகச் சென்ற பயணம் அது. ஆகவே, 'நாங்கள்' என்றே பேசுகிறோம். பொறுத்தருள்க.

வெளிநாடு என்றதும் லண்டனோ பாரிசோ என்று எண்ணிவிடாதீர்கள். நாங்கள் சென்றது அண்டை நாடாகிய இலங்கைக்கு. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், குழந்தைகளைப் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு, சேர்த்து வைத்திருந்த விடுப்பில் இருபது நாளை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு வந்துவிடுகிறது. இங்கிருந்து நாகர்கோவிலுக்குப் புகைவண்டியில் செல்லும் நேரங்கூட ஆகவில்லை!

ஆயினும் இருப்புப்பாதை ஊழியருக்கு விமானம் ஏறியதில் ஒரு சிறு மனக்குறை உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் புகைவண்டி ஏறுவோர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் புகைவண்டி ஏறிக் கொழும்பு செல்வர். அதனைப் 'போட் மெயில்' என்று நம் முன்னோர் வழங்கினர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் போர்க்காலத்தில் நின்றுபோயிற்று.

இலங்கையின் இருப்புப்பாதையைப் பற்றி இரண்டு சொல் கூறாவிடில் எங்கள் தொழிலுக்குத் துரோகம் செய்தவராவோம். நம் நாட்டைப்போலவே அங்கும் அகலப்பாதைதான். 1867இல் கண்டியை எட்டிய தண்டவாளம், மலைமேல் மலையாக ஏறி 1924இல் பதுளையைச் சேர்ந்தது. இடையே பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,890 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்குள்ள தமிழர் புகைவண்டியைக் 'கோச்சி' என்கின்றனர். கேட்க இனிமையாக இருந்தது.

எங்கள் நோக்கமோ நடப்பது. பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து 'பீக்கோ வழி' என்றொரு நடைபாதையை அமைத்திருக்கின்றனர். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் அவ்வழி 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம் உடையது. 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் எங்களால் இயன்ற சிலவற்றை நடந்தோம். கணக்கெழுதும் பழக்கத்தால் நாள்தோறும் நடந்த தொலைவைக் குறிப்பேட்டில் எழுதி வந்தோம். இறுதியில் கூட்டிப் பார்த்தபோது 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்தது. அந்த எண்ணைக் கண்டு நாங்கள் அடைந்த பெருமைக்கு அளவில்லை. பின்னர் அப்பெருமை என்னவாயிற்று என்பதைச் சொல்லத்தான் இங்கு நிற்கிறோம்.

கண்டியில் தலதா மாளிகையையும், 1821இல் அமைந்த பேராதனைப் பூங்காவையும் கண்டோம். அடுத்து, ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டத்துக்கு நடந்து சென்றோம். அதற்கு முன் அம்மலைகளில் விளைந்தது காப்பி. 1869இல் இலைநோய் கண்டு, சில ஆண்டுகளில் காப்பி அழிய, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காப்பிக்குக் காடு வெட்டியவரும், தேயிலைக்குக் குழி தோண்டியவரும், இந்நாள்வரை கொழுந்து கிள்ளுபவரும் நம் தமிழ் மக்களே.

மாத்தளைக்குச் சென்றபோது ஒரு செய்தி எங்களைத் தலைகுனிய வைத்தது. அக்காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சத்தால் அடிபட்ட குடும்பங்கள், கங்காணியின் பின்னே கடற்கரைவரை நடந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து அடர்ந்த காட்டினூடே மாத்தளைவரை நடந்தனர். காலராவும் காய்ச்சலும் வழிநெடுகத் துரத்தின. வழியில் விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு, ஆகஸ்டில் மாத்தளையை அடைந்த நினைவு நடைப்பயணம் ஒன்றும் நிகழ்ந்தது. நாங்கள் நல்ல காலணியும், தண்ணீர்க் குப்பியும், இரவில் படுக்க அறையும் வைத்துக்கொண்டு நடந்தோம். அவர்கள் நடந்தது பிழைப்பதற்கு.

அட்டனில் இறங்கி, நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறினோம். உயரம் 2,243 மீட்டர். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். நள்ளிரவு கடந்து புறப்பட்டு, விளக்கு வரிசையைப் பின்பற்றி ஏறினோம். உச்சியில் உள்ள அடிச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். இசுலாமியர் ஆதம் நபியுடையது என்பர். 14ஆம் நூற்றாண்டில் இபன் பதூதா என்னும் மொராக்கோ நாட்டு யாத்திரிகரும் இம்மலையில் ஏறியிருக்கிறார். கைக்குழந்தையை ஏந்திய சிங்களத் தாய் ஒருத்தி, மூச்சிரைத்து அமர்ந்த எங்கள் வீட்டம்மாவுக்குத் தன் குடுவையிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். மொழி தெரியாது, பெயர் தெரியாது. விடியற்காலையில் மலையின் நிழல் மேகத்தின்மேல் முக்கோணமாக விழுந்ததைக் கண்டு இருவரும் கைகூப்பினோம்.

இறங்கி வந்த மறுநாள், அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து வழியே நடந்தோம். அங்கே தொழிலாளர் குடியிருப்பை 'லயம்' என்கின்றனர். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகள். ஒரு வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீங்க ஊரிலேருந்தா வாறீங்க?" என்று கேட்டார்.

அவர்களுக்கு 'ஊர்' என்றால் தமிழகம். அம்மூதாட்டி பிறந்தது அந்த லயத்தில். ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் புதுக்கோட்டைப் பக்கத்தில் தம் பாட்டனார் விட்டுவந்த சிற்றூரின் பெயரையும், அவ்வூர் ஐயனார் கோயிலையும் தவறாமற் சொன்னார். திருவனந்தபுரத்திலிருந்து வருகிறோம் என்றதும் அவர் எழுந்து உள்ளே போய், மடித்து மடித்துக் கிழிந்த பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். அனுப்பியவர் முகவரி: குளத்துப்புழை, ரப்பர்த் தோட்டம், கேரளம்.

இங்கே சிறிது வரலாறு சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர்களையும் 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டனர். கணக்கெழுதுவோராகிய எங்களுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் எளிதில் விளங்குகிறது. ஆனால் அம்மூதாட்டியின் வீட்டில் அக்கணக்கு எப்படி விழுந்தது தெரியுமா? அவருடைய கணவர் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். தங்கையின் கணவர் இந்தியாவுக்கு மனுப் போட்டார். 1970களின் இறுதியில் தங்கை கோச்சி ஏறினார். சில ஆண்டுகள் கடிதம் வந்தது. 1983 கலவரத்துக்குப்பின் அதுவும் நின்றது.

அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைக்கப்பட்டது. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அதன் ரப்பர்த் தோட்டங்கள் உள்ளன. குளத்துப்புழை சாஸ்தா கோயிலுக்கு நம்மில் பலர் சென்று, ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டு மகிழ்ந்திருக்கிறோம். எத்தனையோ முறை சென்ற எங்களுக்கு அப்பக்கத்தில் இவ்வளவு தமிழர் வாழ்வது அன்றுவரை தெரியாது.

மூதாட்டி ஒரு பொட்டலம் தேயிலையைக் கொடுத்து, "என் தங்கச்சிகிட்டே குடுத்திருங்க மகள். அக்கா இன்னும் இருக்கான்னு சொல்லுங்க" என்றார். எங்கள் வீட்டம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஊர் சேர்ந்த வாரமே கொடுப்பதாக வாக்களித்தாள். அவருடைய பேரனின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டோம்.

பின்னர் அப்புத்தளையில் லிப்டன் துரை அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் குன்றுக்கு நடந்தோம். எல்ல அருகே ஒன்பது வளைவுப் பாலத்தையும், தெமோதரையில் தண்டவாளம் வட்டமடித்து நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் நுழையும் அற்புதத்தையும் கண்டோம். புனலூர் – செங்கோட்டைப் பாதையில் கழுதுருட்டியிலுள்ள நமது பதின்மூன்று கண் பாலத்துக்கு அவ்வொன்பது வளைவும் தங்கையே என்று எண்ணி மகிழ்ந்தோம். இருபது நாளும் நிறைந்தது, வீடு திரும்பினோம்.

அன்பர்களே, இனிச் சொல்வது பெருமைக்குரியதன்று. மார்ச்சில் திரும்பினோம். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். ஏப்ரலில் குழந்தைகளுக்கு விடுமுறை. மே மாதத்தில் இரண்டு திருமணம். ஜூனில் மழை. குளத்துப்புழை இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான்; காலையில் பேருந்து ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். 'அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு' என்று சொல்லியே நான்கு மாதம் கழிந்தது. இதற்கிடையில் வந்தவர்க்கெல்லாம் படங்களைக் காட்டி, 200 கிலோமீட்டர் நடந்த கதையைச் சொல்லி வந்தோம்.

ஜூலை மாதத்து மாலை ஒன்றில் எதிர்பாராத விருந்தினர் வந்தனர். வீட்டில் தேயிலை தீர்ந்திருந்தது. அலமாரியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துத் தேநீர் போட்டோம். "இலங்கைத் தேயிலையா? மணமே தனி!" என்று ஒருவர் பாராட்டியபோதுதான் இருவர் கண்ணும் சந்தித்தன. அது யாருடைய தேயிலை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அன்றிரவு இருவரும் உறங்கவில்லை.

அவ்வார ஞாயிற்றுக்கிழமை, எஞ்சிய தேயிலையை எடுத்துக்கொண்டு குளத்துப்புழை சென்றோம். தோட்டத்தில் விசாரித்து அரை மணிக்குள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். அத்தனை எளிதாக இருந்தது. தங்கையின் மகன் எங்களை வரவேற்றார். சுவரில் மாலையிட்ட படம் ஒன்று தொங்கியது. அவர் தாயார் மே மாதத்தில் காலமாகிவிட்டார்.

நாங்கள் ஏப்ரலில் வந்திருந்தால் அக்காவும் தங்கையும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியிருப்பார்கள். நாற்பதாண்டுப் பிரிவு ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். நாங்கள் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "எங்க பெரியம்மா உசிரோட இருக்காங்கன்னு வந்து சொன்னீங்களே, அது போதும் ஐயா" என்றார். அந்தத் தேயிலையில் தேநீர் போட்டு, முதற்குவளையைத் தாயாரின் படத்தின் முன் வைத்து, அடுத்ததை எங்களுக்குக் கொடுத்தார். எங்களால் அதைப் பருக முடியவில்லை, பருகாமலிருக்கவும் முடியவில்லை.

பிறகு அட்டனுக்குத் தொலைபேசியில் அழைத்தார். செய்தியைக் கேட்டு மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "நீ யார் மாதிரி இருக்கே, முகத்தைக் காட்டு" என்றார். மகனின் முகத்தைக் கண்டதும், "அவளேதான்" என்று அழுதார். இப்போது வாரந்தோறும் இருவரும் பேசிக்கொள்கின்றனர். அதுவே எங்களுக்குச் சிறிது ஆறுதல்.

புதுமைப்பித்தன் அவர்கள் 'துன்பக்கேணி' என்னும் கதையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழரின் துயரை எழுதினார். அவர் 1948இல் கண்மூடியது நாம் வாழும் இந்தத் திருவனந்தபுரத்தில்தான். அக்கதையைப் படித்துக் கண்ணீர் விட்டவர்களே நாங்களும். கதை மாந்தருக்கு உடனே வந்த கண்ணீர், 60 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மனிதருக்காகப் பேருந்து ஏறவில்லை!

நாமும் பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தவர்களே. நம் காலனியில் மூன்றாம் வீட்டில் இருப்பவர் யார், அவருக்கு யார் உறவு என்பது நமக்குத் தெரியுமா? எனவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். ஆண்டுதோறும் நாம் செல்லும் சிற்றுலாவை அடுத்த முறை குளத்துப்புழைக்கு வைத்துக்கொள்வோம். மீன்களுக்குப் பொரி போடுவோம். அதோடு நில்லாமல் தோட்டத்து மக்களையும் கண்டு வருவோம். அங்குள்ள முதியோரிடம், இலங்கையில் யாரை விட்டுவந்தார்கள் என்று கேட்டு எழுதி வருவோம். எழுதும் வேலையை எங்களிடம் கொடுங்கள். கணக்கெழுதிப் பழகிய கை இது. இம்முறை நாள் தவறாது.

வெளிநாடு சென்று வாருங்கள், நடந்து பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாரேனும் ஒரு பொட்டலத்தையோ ஒரு சொல்லையோ உங்களிடம் ஒப்படைத்தால், பெட்டியைப் பிரிக்குமுன் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.