கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கள்



பொரளையில் ஒருவர் ஆறு வருடத்துக்கு உடன்படிக்கை எழுதி வாடகைக்கு வீடு எடுக்கிறார். நான்காம் மாதமே வீட்டுக்காரர் வந்து, "இனி ஐந்து வருடந்தான்" என்றால் சும்மா இருப்பாரா? உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஓடுவார்.

இதேபோல, 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன வென்றபோது இலங்கைச் சனாதிபதியின் பதவிக்காலம் ஆறு வருடம். அந்த மே மாதமே சட்டமான அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அதை ஐந்தாகக் குறைத்தது. தமக்கு ஆறா, ஐந்தா என்று 2018 ஜனவரியில் அவரே உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். மக்கள் தந்த ஆணை ஆறு வருடத்துக்கானது என்றார் சட்டமா அதிபர். ஐந்துதான் என்றார்கள் பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான ஐந்து நீதியரசர்களும்.

ஏன்? திருத்தச் சட்டத்தின் 49ஆம் பிரிவைப் பாருங்கள். பதவியில் இருக்கும் சனாதிபதி, திருத்தப்பட்ட அரசியலமைப்புக்கு அமையவே தொடர்வார் என்று அங்கே எழுதியிருந்தது. வாடகை வீடு குடியிருப்பவரின் உரிமை. ஆட்சிப் பதவியோ நாங்கள் ஒப்படைத்த பொறுப்பு. அதன் எல்லையைச் சுருக்கியதில் எவருக்கும் அநியாயம் நடக்கவில்லை.

ஆனால் எழுத்து எப்போதும் அதிகாரத்தைக் கட்டுவதில்லை, நண்பர்களே. 2010 ஜனவரியில் மகிந்த ராஜபக்ச இரண்டாம் முறை வென்றபோது, இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்ற தடை இருந்தது. அந்தச் செப்டெம்பரில், அவசர சட்டமூலமாக வந்த 18ஆவது திருத்தம் தடையை நீக்கியது. மூன்றாம் முறை போட்டியிடத் தடையில்லை என்று 2014 நவம்பரில் இதே நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஐந்து வருடத்துக்குள் ஒரு திருத்தம் கட்டை அவிழ்த்தது, இன்னொன்று கட்டியது. பதவியில் இருந்தவர்மீதே இரண்டும் பாய்ந்தன.

சட்டமான பின் நாங்கள் வழக்காடவும் முடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அந்தக் கதவை மூடிவிடுகிறது. சட்டமூலமாக இருக்கும் அந்தச் சில நாட்களே எங்களுக்குரியவை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த திருத்தம் வர்த்தமானியில் வந்த அன்றே தமிழ்ப் பிரதியை வாங்குங்கள். நாலு பேர் கூடி உரக்க வாசியுங்கள். முதற்பக்கத்து வாக்குறுதிகளைப் பிறகு பார்க்கலாம். யாருக்கு, எந்த நாளிலிருந்து என்று சொல்லும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.