ஓசூர் சர்வீஸ் ரோட்டில் ஓர் ஒட்டகம்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஓசூர் சிப்காட் பக்கம் அக்கா பையனோட டீக்கடையில நின்னுட்டு இருந்தேன். சர்வீஸ் ரோட்டுல ஒரு ஒட்டகம் வருது. முதுகுல ஜிகினாத் துணி, மூக்கணாங்கயிறு, பின்னாடி ஒரு பசங்க கூட்டம். ஒரு ரவுண்டு அம்பது ரூபா. நானும் போட்டோ எடுத்தேன். அப்புறம்தான் அதோட காலைப் பார்த்தேன்.

ஒட்டகத்துக்கு மாடு மாதிரி குளம்பு கிடையாது. ரெண்டு விரல், அடியில மெத்தை மாதிரி அகலமான பாதம். மணல்ல வச்சா விரிஞ்சு கொடுக்கும், புதையாது. இங்கே அது ஜல்லி மேல நடக்குது.

திமில்ல தண்ணி இருக்குன்னுதான் நம்மில் பலர் நினைச்சுட்டு இருக்கோம். அது கொழுப்பு. தண்ணியை மிச்சம் பிடிக்கிற வேலை உடம்பு முழுக்க நடக்குது. நமக்கு ரெண்டு டிகிரி ஏறினாலே காய்ச்சல். தாகத்தில் இருக்கும் ஒட்டகம், காலையில் 34 டிகிரியா இருக்கிற உடம்புச் சூட்டை மத்தியானம் 40 வரைக்கும் ஏற விட்டுடும். வேர்த்தா தண்ணி போயிடுமே! தண்ணி கிடைச்சா பதினஞ்சு நிமிஷத்தில் 100 லிட்டர் குடிக்கும். அதோட சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை. அவ்வளவு தண்ணி ஒரேயடியா உள்ளே போனாலும் வெடிக்காது.

இத்தனையும் வறண்ட பூமிக்கான ஏற்பாடு. மழைக்காலத்தில் ரத்தம் குடிக்கிற ஈக்கள் பெருகும் இடத்தில் 'சர்ரா' என்ற ஒட்டுண்ணி நோய் வரும். ஒட்டகத்தை அது உருக்கிடும்.

இன்னொண்ணு, இனப்பெருக்கம் ரொம்ப மெதுவு. சினைக்காலம் 13 மாசம், பெரும்பாலும் ஒரே கன்று. (கன்றுன்னு சொல்றது சரிதான், தொல்காப்பியமே ஒட்டகக் குட்டிக்கு அந்தப் பேரை ஒத்துக்குது.) முதல் கன்று போடவே அஞ்சு வயசு ஆகிடும், அடுத்ததுக்கு ரெண்டு வருஷ இடைவெளி. அதனால எண்ணிக்கை ஒரு தடவை சரிஞ்சா எழுந்திருக்கிறது கஷ்டம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள். 2019ல் 2.5 லட்சம்.

ராஜஸ்தான் 2014ல் ஒட்டகத்தை மாநில விலங்கா அறிவிச்சது. 2015ல் வெட்டக் கூடாது, அனுமதியில்லாம வெளிமாநிலம் கொண்டுபோகக் கூடாதுன்னு சட்டம். நல்ல விஷயம்தானே? ஆனா ஆண் கன்றுகளை வாங்க ஆளில்லாம விலை விழுந்துடுச்சு. பரம்பரையா வளர்த்த ரைக்கா மக்களே நொந்துபோனாங்க. வண்டி இழுக்கிற வேலையை அதுக்கு முன்னாடியே டிராக்டரும் லாரியும் எடுத்துக்கிட்டன. ஓசூர்ல இருந்துக்கிட்டு இதைச் சொல்ல கொஞ்சம் கூச்சமா இருக்கு. அசோக் லேலண்ட் லாரி செய்யிற ஊர் இது.

அந்த அண்ணன்கிட்ட என் அரைகுறை இந்தியில, எப்படி இவ்வளவு தூரம் கொண்டுவந்தீங்கன்னு கேட்டேன். "லாரியில." ஊர்ல வேலை இல்லையாம். ராத்திரி காலி மனையில கட்டிப் போடுவாராம்.

பையன் ஏறணும்னு அழுதான். நான் ஏத்தலை. அம்பது ரூபாயை மட்டும் கொடுத்தேன். "அப்போ ஏறாம எதுக்குக் காசு?"ன்னு அவர் கேட்டார், கொஞ்சம் கோபமாத்தான். பதில் வரலை. ஒட்டகம் ரோட்டோர வேப்பமரத்தை எட்டித் தின்னுட்டு இருந்தது.